குஞ்சுக்கு ஒரு கூரை: புறக்கடைக் கோழி வளர்ப்பில் பருந்துக் காப்பு

வீட்டின் பின்புறத்து வெற்றிடத்திலும் தொழுவத்தின் ஓரத்திலும் சில கோழிகளை மேயவிட்டு, வீட்டில் மிஞ்சும் தவிடு, குருணை, பழஞ்சோறு ஆகியவற்றோடு அவை தாமே கிளறிப் பொறுக்கும் புழுபூச்சிகளையும் தீனியாகக் கொண்டு வளர்க்கும் முறையைக் கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்று வழங்குகின்றனர். 2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவ்வாறு வளர்பவை ஏறத்தாழ 31.7 கோடி, 2012 கணக்கெடுப்பைவிட இது சுமார் 46 விழுக்காடு மிகுதி. நாமக்கல் வட்டாரத்துப் பெரும்பண்ணைகள் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இந்தச் சிறு வளர்ப்பு பேசப்படுவதில்லை என்றாலும், ஊர்ப்புறக் குடும்பங்களில் பெண்களின் கையில் நேரடியாகப் புழங்கும் பணத்தில் ஒரு பங்கு இதிலிருந்தே வருகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ திடீர் மருத்துவச் செலவுக்கோ ஒரு சேவலை விற்றுச் சமாளிக்கும் வீட்டில், அடைகிடந்து பொரித்த பத்துக் குஞ்சுகளில் ஆறு ஏழு ஒரு மாதத்துக்குள் காணாமற்போவது சிறிய இழப்பு அன்று. அந்த இழப்பில் பருந்தும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற கொன்றுண்ணிப் பறவைகளும், அதாவது உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும் பறவைகளும், பெறும் பங்கு எத்தகையது, அதைத் தடுப்பது எவ்வாறு என்பதையே இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது.

பருந்துக்குக் குஞ்சைப் பறிகொடுப்பவர் வழக்கமாக அந்தப் பறவையின் கொடுமையையே நொந்துகொள்கிறார். ஆனால் குஞ்சு பறிபோவதற்கு முதற்காரணம், அது நின்ற இடத்துக்கு மேலே எதுவும் இல்லாமையே. வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி, தென்கிழக்கு ஆசியாவின் மூங்கிற் காடுகளிலும் புதர்களிலும் வாழும் பறவை. வெட்டவெளிக்கு வந்து மேய்ந்தாலும் இரண்டு தாவலில் புதருக்குள் மறையக்கூடிய தொலைவிலேயே மேய்வது அதன் இயல்பு. வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கு உரிய மரபுக்கூறு செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை, இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்து கலந்தது என்று 2008 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிக்காட்டை விட்டு வெகுதூரம் வெளியே வருவதில்லை. இவ்வாறு இருவழியிலும் புதரடிப் பறவையின் வழித்தோன்றலாக உள்ள கோழியை, பெருக்கித் துடைத்த முற்றத்திலும் புதரெல்லாம் வெட்டிச் சிமெண்டு பூசிய கொல்லையிலும் குஞ்சுகளோடு விடும்போது, அதன் உடலும் புலன்களும் எந்தப் பாதுகாப்பை எதிர்பார்த்து அமைந்தனவோ அது அங்கே இல்லாமல் போகிறது. எனவே பருந்தை விரட்டும் வழிகளைத் தேடுவதற்கு முன்னர், குஞ்சுக்கு மேலே ஒரு கூரையை அமைப்பதே முறையான தொடக்கம் ஆகும்.

தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் குஞ்சு தூக்கும் பறவைகளுள் முதலில் நிற்பது கரும்பருந்து. இதைக் கள்ளப்பருந்து என்றும் சொல்வர். பழுப்புக் கலந்த கருநிற உடலும், பறக்கும்போது நடுவில் பிளவுபட்டுத் தெரியும் வாலும் இதன் அடையாளங்கள். இறக்கைகளை விரித்த நிலையில் முனைக்கு முனை ஒன்றரை மீட்டரை நெருங்கும் இப்பறவையின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு உட்பட்டதே. ஆகையால் வளர்ந்த கோழியைத் தூக்கிச் செல்ல இதனால் இயலாது. இது வேட்டையாடுவதைவிடக் கழிவுகளைப் பொறுக்குவதில் மிகுதியும் ஈடுபடும் பறவை. வெயில் ஏறித் தரை சூடாகி, அச்சூட்டால் காற்று மேலெழும் முற்பகல் நேரத்தில் அக்காற்றில் ஏறிச் சிறகசைக்காமல் வட்டமிட்டுக் கீழே நோட்டம் பார்க்கும். இரை தென்பட்டால் சாய்வாக இறங்கி, தரையில் நிற்காமலே கால்களால் கவ்விக்கொண்டு மறுபக்கம் மேலேறிவிடும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இதற்கு நீண்ட, தடையற்ற வெளி தேவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். காப்பு முறைகளில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

வெண்தலையும் செங்காவி உடலும் கொண்ட செம்பருந்து, கருடன் என்று கைகூப்பப்படும் பறவை. ஏரி, ஆறு, கடற்கரை ஆகியவற்றை ஒட்டி வாழ்ந்து மீன், நண்டு, தவளை, கழிவு ஆகியவற்றைத் தின்னும் இது, வாய்ப்புக் கிடைக்கும்போது குஞ்சையும் எடுக்கும். வல்லூறு இவ்விரண்டிலிருந்தும் முற்றிலும் வேறுபட்டது. புறாவின் அளவே உள்ள இப்பறவை வானில் வட்டமிட்டு இரை தேடுவது அரிது. இலையடர்ந்த வேம்பிலோ புளியிலோ மறைந்து அமர்ந்திருந்து, தாழ்வாக, வேலிக்கும் சுவருக்கும் இடையே புகுந்து வந்து, எதிர்பாராத கணத்தில் தாக்கும். ஓணான், அணில், எலி, சிறு பறவை, பெரும்பூச்சி ஆகியவையே இதன் அன்றாட இரை. கோழிக்குஞ்சில் முதல் சில வாரங்களுக்கு உட்பட்டவற்றையே இதனால் கையாள முடியும். கொன்றுண்ணிப் பறவைகளுள் பலவற்றிலும் பெண் ஆணைவிடப் பெரியது. வல்லூற்றிலும் அவ்வாறே ஆகையால், சற்றுப் பெரிய குஞ்சுகளைத் தாக்குவது பெண்ணாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மலையடிவார ஊர்களில் நிலைமை மாறுபடும். தலையில் குடுமி போன்ற இறகுக்கொத்து உடைய குடுமிக் கழுகும், ராஜாளி எனப்படும் பெருங்கழுகும் வளர்ந்த கோழியையே அடித்து வீழ்த்தும் வலிமை உள்ளவை. கொம்பன் ஆந்தை இரவில் மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்கும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது ஆகையால் அது தப்புவதற்கு வழியில்லை. இரவு கூண்டில் அடைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் ஆந்தையால் இழப்பு நேர்வதில்லை. காகமும் செம்போத்தும் கொன்றுண்ணி இனத்தில் சேராதவை எனினும், பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளையும் முட்டைகளையும் பொறுத்தவரை, பல ஊர்களில் பருந்தைவிடக் காகத்தினாலேயே இழப்பு மிகுதி.

இழப்பின் காரணத்தைச் சரியாக அறியாமல் காப்பு முறையை முடிவு செய்வது வீண்செலவில் முடியும். பருந்து முழுக்குஞ்சையும் தூக்கிச் சென்றுவிடுவதால் இடத்தில் இறகோ இரத்தமோ பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணிக்கை மட்டும் குறையும். வல்லூறு அருகிலுள்ள வேலிக்காலிலோ மரத்தடியிலோ வைத்து இறகைப் பிய்த்துவிட்டுத் தின்னும் வழக்கமுடையது ஆகையால், ஓரிடத்தில் சிறு இறகுகள் வட்டமாகக் கொட்டிக் கிடந்தால் அதை ஐயுறலாம். கழுத்திலும் தலையிலும் கடிபட்டு உடல் அங்கேயே கிடந்தால் அது கீரிப்பிள்ளையின் வேலையாக இருக்கலாம். பூனையும் பெருச்சாளியும் இழுத்துச் சென்ற தடத்தை விட்டுச் செல்லும். மாலையில் எண்ணும்போது சரியாக இருந்த குஞ்சுகள் விடியற்காலையில் குறைந்திருந்தால் அதற்குப் பருந்தைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. ஆகவே மாலையில் அடைக்கும்போதும் காலையில் திறக்கும்போதும் எண்ணிவிடுவது, செலவில்லாத முதற்காப்பு. வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயால் அழியும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் சிறிதன்று என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயுற்றுத் தள்ளாடும் குஞ்சுதான் தாயை விட்டுப் பின்தங்குகிறது, பின்தங்கியதுதான் முதலில் பருந்தின் கண்ணில் படுகிறது. தடுப்பூசி போடாமல் வலை கட்டுவது பாதி வேலையே.

கோழி தன்னளவில் கையற்ற பறவை அன்று. அதன் எச்சரிக்கைக் குரல்கள் விலங்கு நடத்தை அறிவியலில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் அடங்கும். வானிலிருந்து வரும் பகைக்கு ஒரு குரல், தரையில் வரும் பகைக்கு வேறொரு குரல் என்று இரண்டைச் சேவல் தனித்தனியே எழுப்புகிறது. பருந்தைக் கண்டால் எழுப்புவது மெல்லிய, நீண்ட, சன்னமான ஒலி. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதால் எச்சரிக்கும் சேவல் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நாயையோ கீரியையோ கண்டால் எழுப்புவது விட்டு விட்டு ஒலிக்கும் உரத்த கொக்கரிப்பு. கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வில், பகை எதுவும் இல்லாத இடத்தில் இந்த ஒலிகளின் பதிவை மட்டும் பெட்டைகளுக்கு ஒலிக்கச் செய்தபோது, முதல் ஒலிக்கு அவை மறைவிடத்துக்கு ஓடின, பதுங்கின, வானத்தை அண்ணாந்து பார்த்தன. இரண்டாம் ஒலிக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தன. ஒலியே பொருளைத் தெரிவிக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இதே ஆய்வாளர் குழுவினர் அதற்கு முன்னர் நடத்திய சோதனைகளில், தனித்திருக்கும் சேவல் பருந்தின் உருவைக் கண்டும் பெரும்பாலும் குரல் எழுப்பாமல் பதுங்குவதும், அருகில் பெட்டை இருந்தால் குரல் எழுப்புவதும் தெரியவந்தது. நடைமுறையில் இதன் பொருள் தெளிவு. வளர்ந்த சேவல்களையெல்லாம் பண்டிகைக்கு விற்றுவிட்டுப் பெட்டைகளையும் குஞ்சுகளையும் மட்டும் மேயவிடும் வீடு, தன் காவற்காரனை விற்றுவிட்ட வீடாகும்.

கோழி தலையை ஒருபக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பதைக் கோழி வளர்ப்போர் அனைவரும் கண்டிருப்பர். முட்டைக்குள் கடைசி நாட்களில் குஞ்சின் உடல் மடங்கியிருக்கும் நிலையில் வலக்கண் ஓட்டை நோக்கியும் இடக்கண் உடலால் மறைக்கப்பட்டும் இருக்கிறது. ஓட்டினூடே வரும் மங்கலான வெளிச்சம் வலக்கண்ணை மட்டும் தூண்டுவதால் மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தரையில் தானியத்தையும் கல்லையும் பிரித்தறிவது வலக்கண்ணின் பொறுப்பாகவும், மேலே வரும் ஆபத்தைக் கவனிப்பது இடக்கண்ணின் பொறுப்பாகவும் அமைகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ் பிறரோடு சேர்ந்து 2004 இலும், இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தர்மரத்தினத்தோடு சேர்ந்து 2005 இலும் வெளியிட்ட ஆய்வுகள், வெளிச்சம் பட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் தானியம் பொறுக்குவதையும் வானத்தைக் கவனிப்பதையும் ஒரே வேளையில் செய்ய வல்லவை, முழு இருட்டில் பொரிந்தவை அவ்வாறு செய்ய இயலாமல் தடுமாறுகின்றன என்று காட்டின. அடையிலிருந்து நாளுக்கு ஒருமுறை எழுந்து போய்த் தீனி தின்றுவிட்டு வரும் தாய்க்கோழி, தான் அறியாமலே தன் குஞ்சுகளுக்கு இந்த வெளிச்சத்தைத் தந்துவிடுகிறது.

இனத் தேர்வும் இதில் பங்கு பெறுகிறது. தமிழகத்து நாட்டுக்கோழிகளுள் சிறுவிடை என்னும் சிற்றுடல் வகை, அடைகிடப்பதிலும் குஞ்சு காப்பதிலும் சிறந்தது. பருந்து தாழ இறங்கினால் சிறகை விரித்துக்கொண்டு எதிர்த்துப் பாயும் துணிவு அதற்கு உண்டு. கறிக்காகவும் சேவற்சண்டைக்காகவும் பெயர்பெற்ற பெருவிடை உடல் வலிமையில் மேலானது எனினும் குஞ்சு வளர்ப்பில் சிறுவிடைக்கு ஈடாகாது. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா போன்ற மேம்படுத்திய இனங்களுக்குப் பல நிறம் கலந்த இறகுகள் அமைந்திருப்பது, புல்லிலும் சருகிலும் அவை எளிதில் தென்படாமல் இருக்க உதவுகிறது. எனினும் அவை எடை மிகுந்தவை, நாட்டுக்கோழியின் விரைவு அவற்றுக்கு இல்லை. முழு வெண்மை நிறக் கோழியைத் திறந்தவெளியில் விடுவது எந்த இனத்திலும் ஏற்றதன்று. குஞ்சுப்பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சாக வாங்கி வளர்ப்போர் தாய் இல்லாத குறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். தாயின் அழைப்புக்கு ஓடிச் சிறகின்கீழ் ஒளிந்து பழகாத குஞ்சுக்கு மனிதக் காப்பு மிகுதியாக வேண்டும்.

காப்பு முறைகளுள் மக்கள் முதலில் நாடுவது அச்சுறுத்தும் பொருள்களையே. பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் தொங்கவிடுதல், பளபளக்கும் நாடா கட்டுதல், வெள்ளைப் புள்ளி குத்திய கரும்பானை, வைக்கோல் பொம்மை, பிளாஸ்டிக் ஆந்தை எனப் பலவும் வழக்கில் உள்ளன. குஞ்சுகளின் உடலில் ரோஸ் நிறச் சாயமோ மஞ்சளோ பூசிவிடும் பழக்கமும் சில ஊர்களில் உண்டு. இவை ஒருசில நாள் பயன் தருகின்றன, பின்னர் பயனற்றுப் போகின்றன. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஒரு பழைய சோதனை உதவும். 1937 இல் கோன்ராட் லோரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் அட்டையால் ஒரே உருவம் செய்து கோழியினப் பறவைகளின் தலைக்கு மேலே கயிற்றில் ஓட்டினர். ஒரு திசையில் நகர்த்தினால் அது குட்டைக் கழுத்தும் நீண்ட வாலும் உள்ள பருந்தாகத் தோன்றும். எதிர்த்திசையில் நகர்த்தினால் நீண்ட கழுத்துள்ள வாத்தாகத் தோன்றும். பருந்தாகத் தோன்றியபோது மட்டுமே பறவைகள் அஞ்சின என்றும், அந்த அச்சம் பிறவியிலேயே அமைந்தது என்றும் அவர்கள் கருதினர். வொல்ஃப்காங் ஷ்லைட் வான்கோழிகளைக் கொண்டு செய்து 1961 இல் வெளியிட்ட சோதனைகள் இக்கருத்தைத் திருத்தின. அடிக்கடி காணும் உருவத்துக்குப் பறவை அஞ்சுவதை விட்டுவிடுகிறது, அரிதாகக் காணும் உருவத்துக்கே அஞ்சுகிறது என்பது அவர் கண்ட முடிவு. மீண்டும் மீண்டும் தோன்றித் தீங்கு செய்யாத பொருளுக்கு உயிரினம் எதிர்வினை காட்டாமல் விடும் இந்த நிலையைப் பழகிப்போதல் எனலாம். கோழிக்குப் பொருந்தும் இவ்விதி பருந்துக்கும் பொருந்தும். ஒரே இடத்தில் அசையாமல் தொங்கும் தகடு நான்காம் நாளில் மரக்கிளைக்கு ஒப்பாகிவிடுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடத்தையும் பொருளையும் மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு மட்டுமே இம்முறை ஓரளவு கைகொடுக்கும். தனித்து நம்பத்தக்க காப்பாக இதைக் கொள்ள முடியாது.

நம்பத்தக்கது கூரையே. அதன் மிகப் பழைய வடிவம் பஞ்சாரம். மூங்கிற் சிம்புகளையோ பனையீர்க்கையோ இடைவெளி விட்டுப் பின்னி, குடை கவிழ்த்தாற்போல் செய்யப்படும் இக்கூடையின்கீழ்த் தாயையும் குஞ்சுகளையும் விட்டுக் கவிழ்த்து வைப்பர். காற்றும் வெயிலும் உள்ளே புகும். காகத்தின் அலகும் பருந்தின் காலும் புகமாட்டா. அதன் விளிம்பின் ஒருபுறம் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்தால், குஞ்சுகள் வெளியே வந்து நாலடி சுற்றிப் பொறுக்கிவிட்டுத் தாயின் குரல் கேட்டதும் உள்ளே ஓடிவிடும். தாய் வெளியே வர முடியாததால் குஞ்சுகளும் தொலைவு போகமாட்டா. நூற்றாண்டுகளின் பட்டறிவு இந்தச் செங்கல் உயரத்தில் அடங்கியிருக்கிறது. பஞ்சாரத்தை நாள்தோறும் இடம் மாற்றி வைத்தால் குஞ்சுகளுக்குப் புதிய தரையும் புதிய பூச்சியும் கிடைக்கும், எச்சம் ஓரிடத்தில் சேர்ந்து நோய் பரவுவதும் குறையும். முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு இதைவிட மேலான, மலிவான கருவி வேறில்லை. பிளாஸ்டிக் கூடைகள் வந்தபின் பஞ்சாரம் பின்னுவோர் ஊருக்கு ஊர் குறைந்துவருவது வருந்தத்தக்கது. அதன் அகன்ற வாய்க்கும் காற்றோட்டத்துக்கும் ஈடான பொருளைக் கடையில் காண்பது எளிதன்று.

நான்கு வாரத்துக்குப் பின்னர் இடம் அதிகம் தேவைப்படும். முட்டையிலிருந்து வரும்போது சுமார் 30 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழிக் குஞ்சு, எட்டு முதல் பத்து வாரங்களில் அரைக்கிலோவை நெருங்கும். அந்நிலையில் கரும்பருந்து அதைத் தூக்கத் தயங்கும், வல்லூற்றுக்கு அது அடங்காது. ஆகவே காப்பின் முழுச்சுமையும் முதல் இரண்டு இரண்டரை மாதத்திலேயே விழுகிறது. அடைகிடக்கும் கோழிகள் இரண்டு மூன்றை ஒரே வாரத்தில் அடைவைத்தால், எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாக இக்காலத்தைக் கடக்கும், காவலும் ஒருமுறையோடு முடியும். இந்த இடைக்காலத்துக்கு வலைக்கூரையிட்ட ஓர் அடைப்பு போதும். ஆள் உள்ளே நிமிர்ந்து நடக்கும்படி ஆறேழடி உயரத்தில் கால்கள் நட்டு, மேலே இரண்டு அங்குலக் கண் உள்ள வலையையும், பக்கங்களில் தரையிலிருந்து ஒன்றரை அடிவரை குஞ்சு தலையை வெளியே நீட்ட முடியாத நெருக்கமான கம்பிவலையையும் கட்ட வேண்டும். பக்கவலையின் அடிப்பகுதியைத் தரைக்குள் சற்றே புதைத்தால் கீரிக்கும் தடையாகும். மேல்வலை தொய்வின்றி விறைப்பாக இருக்க வேண்டும், அதன் நூல் கண்ணுக்குத் தெரியும் தடிமனும் நிறமும் கொண்டதாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையாலான பழைய மீன்வலையைத் தொங்கலாகப் போடுவது பருந்து, ஆந்தை, கரிச்சான், சாரைப்பாம்பு என எல்லாவற்றையும் சிக்கவைத்துக் கொல்லும் பொறியாகிவிடும். கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலை இழுத்துக்கட்டுவது அதைவிடக் கொடிது. பறவையின் சிறகை மட்டுமன்றி அவ்வழி நடக்கும் மனிதரின் கழுத்தையும் அறுக்கக்கூடியது அது.

வலை வாங்க இயலாத வீட்டிலும் வழியில்லாமற் போகவில்லை. அகன்ற இறக்கையோடு சாய்வாக இறங்கும் பருந்துக்குத் தடையற்ற வெளி தேவை என்பது முன்னரே சொல்லப்பட்டது. முற்றத்துக்குக் குறுக்கே ஓரடி ஒன்றரை அடி இடைவெளியில் தென்னங்கயிறுகளை இழுத்துக்கட்டி, இடையிடையே துணிக்கிழிசல்களைத் தொங்கவிட்டால் அந்த இறக்கம் தடைபடும். ஆனால் வல்லூற்றையும் காகத்தையும் இது தடுக்காது. அவரை, பீர்க்கு, பாகல், கோவை ஆகியவற்றைப் படரவிடும் பந்தல் இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது. ஐந்தாறடி உயரத்தில் இலை மூடிய பந்தலின்கீழ் மேயும் குஞ்சுகளை மேலிருந்து எந்தக் கண்ணும் காணாது; வெயிலுக்கு நிழல், இலையிலிருந்து விழும் புழு, வீட்டுக்குக் காய் என்று பயன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. கொடி முளைக்கும் பருவத்தில் மட்டும் கோழி கிளறாதபடி அதன் அடியைச் சுற்றி முள் வைக்க வேண்டும். முருங்கை மரம் இவ்வகையில் உதவாது. அதன் மெல்லிய இலைத்தொகுதி வானத்தை மறைப்பதில்லை, உயர்ந்த கிளையோ பருந்து அமர்வதற்கு இடமாகிறது. தாழ்ந்து அடர்ந்து வளரும் நொச்சி, ஆடாதொடை, மருதாணி, செம்பருத்தி, கொங்கு நாட்டுக் கிளுவை வேலி ஆகியவை குஞ்சு ஒளிவதற்கு ஏற்றவை. கொல்லையின் எந்த மூலையில் நின்றாலும் பத்துப் பதினைந்து அடி ஓடினால் ஒரு மறைவு கிடைக்கும்படி இவற்றைச் சிதறி நடுவதே நோக்கமாக இருக்க வேண்டும். செடி வளரும்வரை, இரண்டு தென்னங்கீற்றுகளைக் கூரைபோல் சாய்த்துக் கட்டி இருமுனையும் திறந்திருக்கும்படி ஆங்காங்கே வைக்கலாம். பழைய கதவுப்பலகையை நான்கு செங்கல்லின்மேல் வைத்தாலும் அதே பயன் கிட்டும்.

கொல்லைக்குத் துணைவரும் பறவைகளும் உண்டு. இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், தன் கூட்டை நெருங்கும் பருந்தையும் காகத்தையும் தன்னைவிடப் பன்மடங்கு பெரியவை என்று பாராமல் துரத்திக் கொத்தும். அது கூடுகட்டிய மரத்தில் பிற சிறு பறவைகள் பாதுகாப்பு நாடிக் கூடுகட்டுவதும் உண்டு. வயலில் பூச்சியைக் கட்டுப்படுத்த நடப்படும் பறவைத்தாங்கி, அதாவது பறவை அமர்வதற்கான குறுக்குக்கட்டை வைத்த கம்பு, கொல்லையோரத்திலும் நடப்பட்டால் கரிச்சான் அங்கே அமரப் பழகும். காகம் குஞ்சுக்குப் பகை எனினும் பருந்தைக் கூட்டமாகக் கரைந்து விரட்டுவதும் அதுவே. காகக் கூச்சல் மாறி ஒலித்தால் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் கோழிக்கும் நல்லது, வளர்ப்பவருக்கும் நல்லது.

பருந்தைத் தாமே வரவழைக்கும் வீடுகளும் உள்ளன. கோழி அறுத்த குடலையும் மீன் கழுவிய செதிலையும் கொல்லையிலேயே எறியும் வழக்கம், கழிவு பொறுக்கும் கரும்பருந்துக்கு அந்த இடத்தை அறிமுகப்படுத்துகிறது. கழிவுக்காக வந்த பறவை அங்கே குஞ்சையும் காண்கிறது. ஒருமுறை குஞ்சு கிடைத்த இடத்துக்கு அது மீண்டும் மீண்டும் வரும். கழிவைப் புதைப்பதும், செத்த குஞ்சைக் குப்பைமேட்டில் வீசாமல் ஆழப் புதைப்பதும் நோய்த் தடுப்புக்கும் பருந்துத் தடுப்புக்கும் பொதுவான வழி. பருவத்தையும் கருத வேண்டும். தென்னாட்டில் கரும்பருந்தும் செம்பருந்தும் பெரும்பாலும் பின்பனி தொடங்கிக் கோடைவரை கூட்டில் குஞ்சு வைத்திருக்கும், வல்லூறு கோடையில் கூடுகட்டும். தன் குஞ்சுக்கு இரைதேடும் பறவை வழக்கத்தைவிட அதிகமாகவும் துணிவாகவும் வேட்டையாடும் ஆகையால், தை, மாசி மாதங்களில் பொரித்த குஞ்சுகளுக்குப் பந்தலும் பஞ்சாரமும் இரட்டிப்புத் தேவை.

பகைப்பறவையைக் கொன்றுவிட்டால் தீர்ந்தது என்னும் எண்ணம் எங்கும் தோன்றக்கூடியதே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1885 இல் ஒரு சட்டம் இயற்றி, கொல்லப்படும் ஒவ்வொரு பருந்துக்கும் ஆந்தைக்கும் 50 சென்ட் பரிசு வழங்கியது. ஒன்றரை ஆண்டில் இதற்கான செலவு ஏறத்தாழ 90,000 டாலர். அதே காலத்தில் அப்பறவைகளால் கோழி வளர்ப்போருக்கு நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை ஹார்ட் மெர்ரியம் என்னும் உயிரியலாளர் கணக்கிட்டபோது அது 1,875 டாலரே ஆயிற்று; மறுபக்கம், எலிகளைத் தின்னும் பறவைகள் அழிந்ததனால் வேளாண்மைக்கு நேர்ந்த கேடு மிகப் பெரிது என்று அவர் எடுத்துக்காட்டினார். சட்டம் 1887 இல் நீக்கப்பட்டது. அதன்பின் ஃபிஷர் என்னும் ஆய்வாளர் சுமார் 2,700 பறவைகளின் இரைப்பைகளைச் சோதித்து 1893 இல் வெளியிட்ட நூல், அவற்றுள் பெரும்பாலானவை உழவருக்கு நன்மை செய்பவை என்பதை நிறுவியது. நெற்களஞ்சியத்தையும் தென்னந்தோப்பையும் எலி அரிக்கும் தமிழ்நாட்டில் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பது மிகவும் பொருத்தம். மேலும், ஓர் எல்லையில் வாழ்ந்த பருந்தை அகற்றினால் எல்லையின்றித் திரியும் வேறொரு பருந்து அவ்விடத்தை நிரப்பிவிடும். கொல்லை மட்டும் முன்போலவே திறந்து கிடக்கும்.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளுக்குக் காப்பளிக்கிறது. சுட்டுக் கொல்வது மட்டுமன்றி, கண்ணி வைப்பதும், நஞ்சிடுவதும், கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் அச்சட்டத்தில் வேட்டை என்றே கொள்ளப்பட்டுச் சிறைத்தண்டனைக்கு உரியனவாகின்றன. செத்த குஞ்சின்மேல் வயலுக்கு இடும் குருணை மருந்தைத் தூவி வைப்பது இவற்றுள் மிகக் கேடானது. அதைத் தின்பது பருந்து மட்டும் அன்று. தெருநாய், பூனை, காகம், சில வேளை வீட்டுக்கோழியே தின்னும். நஞ்சுண்டு இறந்த உடலைத் தின்னும் அடுத்த உயிரும் மடியும். மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் வலிநீக்கி மருந்தால் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் இந்நாடு முழுவதும் பெருமளவு அழிந்து, அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு 2006 இல் தடை செய்யப்பட்ட பின்னரும் மாயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற சில இடங்களிலேயே அவை எஞ்சியிருக்கின்றன. அவ்வட்டாரத்தில் ஒரு பிணத்தில் இட்ட நஞ்சு ஒரு கூட்டத்தையே வீழ்த்திவிடக்கூடும்.

எத்துணைக் கவனமாகக் கட்டினாலும் வலையில் எப்போதாவது ஒரு பருந்தோ வல்லூறோ சிக்கக்கூடும். அப்போது முதலில் கோழிகளையும் குழந்தைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். ஒரு தடித்த துண்டையோ சாக்கையோ பறவையின்மேல் போட்டுக் கண்ணை மறைத்துவிட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்; காயப்படுத்துவது அலகைவிடக் கால்நகமே என்பதால் கால்களைத் துணியோடு சேர்த்துப் பற்றிய பின்னரே வலையிழையைக் கத்தரிக்க வேண்டும், இறக்கையை இழுத்து விடுவிக்க முயலக் கூடாது. காயமில்லையெனில் திறந்த இடத்தில் தரையில் வைத்துத் துணியை நீக்கினால் அது தானே எழுந்து பறக்கும். சிறகு தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ, காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தண்ணீரும் தீனியும் ஊட்ட முயலாமல், வனத்துறையினரிடமோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ அன்றே சேர்க்க வேண்டும். கத்தரித்த வலைக்கண்ணையும் அன்று மாலை கோழிகளை அடைப்பதற்குள் முடிந்துவிட வேண்டும்.